ஓடில்லா நத்தைகளைத் தேடிய இராணுவ மருத்துவர்
திருகோணமலைக் கரையில் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட்

திருகோணமலை என்றதும் எமது நினைவில் முதலில் எழுவது கோணேசர் ஆலயம். அடுத்தது, ஐரோப்பிய வல்லரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்வைத்த அந்த இயற்கைத் துறைமுகம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய அனைவருக்கும் அது கப்பல் நிறுத்தும் இடமாகவும் பீரங்கி வைக்கும் இடமாகவுமே தோன்றியது. ஆனால் 1850களின் பிற்பகுதியில் அதே கரையில் கப்பலையும் பீரங்கியையும் விட்டு, கடல்நீர் வற்றும் நேரங்களில் கற்களின் அடியில் ஒட்டிக்கிடந்த விரல்நீளப் பிராணிகளைத் தேடிய ஒருவர் இருந்தார். அவரும் பிரித்தானிய இராணுவத்தின் ஊழியர்தாம். எனினும் வெளிநாட்டார் அல்லர். இலங்கையிற் பிறந்தவர். எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் என்பது அவர் பெயர்.

இயற்கை வரலாறு கற்போர் நடுவே நன்கு அறியப்பட்ட இப்பெயர், எமது பாடநூல்களில் இடம்பெற்றதாக நாம் நினைவுகூர இயலவில்லை. தமிழரோ சிங்களவரோ அல்லாத பறங்கியர் சமூகத்திற் பிறந்தமையால் இரு தரப்பாரும் அவரைத் தமக்குரியவராகக் கொள்ளவில்லை போலும். ஆங்கிலேயருக்கோ அவர் குடியேற்ற நாடொன்றில் பிறந்த மருத்துவர் மட்டுமே. ஆயினும் இலங்கையின் பாலூட்டிகளையும் பறவைகளையும் ஊர்வனவற்றையும் முதன்முதலாக ஒழுங்குபடுத்திப் பட்டியலிட முற்பட்டவர்களுள் அவரே முதன்மையானவர்.

1810களின் இறுதியில் பிறந்த கெலார்ட், இளமையிலேயே இலங்கை மருத்துவ சேவையிற் சேர்ந்தார். பின்னர் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ சென்று மருத்துவப் பட்டம் பெற்றார். இந்து சமுத்திரத்தின் வெப்பக் கரையிலிருந்து வடகடலின் குளிர்ந்த நகரொன்றுக்குத் தனியே சென்று வாழ்வதென்றால் என்னவென்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எடின்பரோவில் அக்காலத்து மருத்துவக் கல்வி தாவரவியலையும் விலங்கியலையும் சேர்த்தே கற்பித்தது. மருந்துச் செடியை அறியாதவன் மருத்துவனல்லன் என்பது அன்றைய கொள்கை. இராணுவ மருத்துவராக 1840களில் ஜிப்ரால்டரிற் பணிபுரிந்தபோது கெலார்ட் அந்தப் பாறைமுனையின் தாவரங்களைத் திரட்டி ஆராய்ந்தார். அந்நூல் 1846ஆம் ஆண்டு இலண்டனில் அச்சேறியது. கடமை எங்கே அனுப்புகிறதோ அங்குள்ள உயிர்களை எழுதிவைப்பது என்ற பழக்கம் அப்போதே அவரிடம் வேரூன்றிவிட்டது.

1849 அளவில் இலங்கை திரும்பிய அவர், மலைநாட்டில் நுவரெலியாவில் சில காலம் பணியாற்றினார். அங்கே குளிர்ந்த காடுகளில் வாழும் மூஞ்சூறுகள், மந்திகள், எலிகள் ஆகியவற்றை ஆராய்ந்து புதிய இனங்கள் பலவற்றுக்குப் பெயரிட்டார். மலைநாட்டின் அடர்ந்த உரோமமுடைய மந்தியை 1850இல் விவரித்தவர் அவரே. 1852ஆம் ஆண்டு கொழும்பில் வெளிவந்த அவருடைய இலங்கை விலங்கின முன்னோடி நூல், பிற்காலத்தோர் அனைவரும் கட்டியெழுப்பிய அடித்தளமாயிற்று. பிழைகள் அதில் உண்டு. அருங்காட்சியகமோ நல்ல நூலகமோ இல்லாத தீவொன்றில் ஒரு தனி மனிதர் ஓய்வு நேரத்தில் எழுதிய நூல் பிழையின்றி அமைந்திருந்தால் அதுவே வியப்பு.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அவ்விடம் கல்கத்தா. ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தில் 1841 முதல் பொறுப்பாளராயிருந்த எட்வர்ட் பிளைத், குறைந்த சம்பளத்தில் வாடியபடி ஆசியாவின் பாதி விலங்குகளைத் தம் மேசையில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கெலார்ட் இலங்கையிலிருந்து அனுப்பிய தோல்களும் எலும்புகளும் அந்த மேசைக்கே சென்றன. அதே மேசைக்கு வேறொரு திசையிலிருந்தும் பொதிகள் வந்தன. அரக்கானிலும் தெனாசரிமிலும் பணிபுரிந்த ஆங்கிலேய அதிகாரிகள் பர்மாவின் விலங்குகளைச் சேகரித்து அனுப்பினர். அவர்களுள் முதன்மையானவர் ஆர்தர் பெயர். அரக்கானின் ஆணையாளராயிருந்து, 1852ஆம் ஆண்டுப் போரின் பின்னர் இரங்கூனைத் தலைமையிடமாகக் கொண்ட பெகு மாகாணத்தின் ஆணையாளரானவர். பர்மாவின் மந்தியொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அப்பெயரை 1847இல் சூட்டியவர் பிளைத். வங்காள விரிகுடாவின் மேற்குக் கோடியில் ஒரு மருத்துவரும் கிழக்குக் கோடியில் ஒரு நிருவாகியும், நடுவே கல்கத்தாவில் ஒரு வறிய அறிஞரும் என இவ்வாறு ஓர் அறிவுப் பாலம் அமைந்தது.

இரங்கூனில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் அறிந்த ஒன்றை இங்கே குறிப்பிடலாம். அந்நகரின் அருகே கடல் உண்டு, ஆனால் கடற்கரை இல்லை. ஐராவதி ஆறு கொண்டுவந்து கொட்டும் சேற்றினால் மார்த்தபான் குடாவின் நீர் பழுப்பாய்க் கலங்கிக் கிடக்கிறது. ஒளி புகாத அந்நீரிற் பவளப்பாறை வளர்வதில்லை. பவளமும் கடற்பஞ்சும் இல்லாத இடத்தில் நாம் பேசப்போகும் ஓடில்லா நத்தைகளுக்கும் வாழ்வில்லை. வண்ணக் கடலுயிர்களைத் தேடுவோர் இரங்கூனிலிருந்து மேற்கே அரக்கான் கரைக்கோ தெற்கே மெர்குய் தீவுக்கூட்டத்துக்கோ செல்லவேண்டும். 1881-82இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் தலைவர் ஜோன் அண்டர்சன் அத்தீவுகளுக்குச் சென்றே பெருந்தொகையான கடலுயிர்களைத் திரட்டினார். கெலார்ட்டுக்கு வாய்த்த திருகோணமலையோ ஆழமும் தெளிவும் பாறையும் பவளமும் ஒருங்கே அமைந்த துறை. அறிஞர்களுக்கும் இடம் வாய்க்கவேண்டும்.

அவரைக் கடலின்பால் திருப்பியது முத்து. அதாவது, பணம்.

மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பு இலங்கை அரசின் பழைய வருவாய். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு அப்பால் கடலடியில் உள்ள மேட்டுநிலங்களை எமது மக்கள் பார் என்பர். பெரியபார், சேவல்பார், மோதரகம்பார் என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. காற்றடங்கிய மாசி பங்குனி மாதங்களில் கீழக்கரை, தூத்துக்குடி முதலிய ஊர்களிலிருந்தும் அரேபியாவிலிருந்தும் சுழியோடிகள் வருவர். கல்லைத் துணையாகக் கொண்டு ஆழத்தில் இறங்கி, மூச்சு முட்டும்வரை சிப்பிகளைக் கூடையில் அள்ளுவர். சுறாக்களின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்த கடல்கட்டி கரையில் நின்று ஓதாவிடின் அவர்கள் நீரில் இறங்கார். அதனால் அரசாங்கமே அவருக்கு ஊதியம் வழங்கியது. வெறுமையான மணற்கரை சில வாரங்களுக்கு ஒரு பட்டணமாக மாறும்.

ஆனால் 1837ஆம் ஆண்டின் பின்னர் பார்கள் வறண்டன. சிப்பி இல்லை. ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. 1855இல் மீண்டும் தொடங்கியபோது தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வோர்ட்டின் அரசாங்கம் ஒரு கேள்விக்கு விடை தேடியது. சிப்பிகள் எங்கே போயின? ஏன் திரும்பி வந்தன? அளவுக்கு மிஞ்சிக் குளித்தமையா, நீரோட்டமா, திருக்கை மீன்களா? விடை அறிந்தால் வருவாயை நிலைநிறுத்தலாம் என்பது அரசின் எண்ணம். 1857ஆம் ஆண்டு இப்பணி கெலார்ட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் சிப்பிகளைக் கடல்நீர் நிரம்பிய பாத்திரங்களில் உயிருடன் வைத்து இரவும் பகலும் கவனித்தார். முத்துச்சிப்பி பாறையுடன் தன்னை ஒரு நூற்கற்றையால் பிணைத்துக்கொள்கிறது. ஒருமுறை பிணைத்தால் சாகும்வரை அங்கேயே கிடக்கும் என்பதே அதுவரை நிலவிய நம்பிக்கை. கெலார்ட் கண்டது வேறு. சிப்பி தன் நூலைத் தானே அறுத்துக்கொண்டு, சற்று அப்பால் நகர்ந்து, புதிய நூலை நூற்று மீண்டும் பற்றிக்கொள்கிறது. இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். சிப்பியை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் குடியேற்றலாம், அது அங்கே மீண்டும் வேர்கொள்ளும் என்பதே அதன் பொருள். வறண்ட பார்களில் இளஞ்சிப்பிகளை இட்டு வளர்க்கலாம் என்ற நம்பிக்கைக்கு இது ஆதாரமாயிற்று.

முத்து எவ்வாறு உண்டாகிறது என்ற வினாவையும் அவர் விடவில்லை. வானத்துப் பனித்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்ற பழங்கதை கிழக்கிலும் மேற்கிலும் உண்டு. கெலார்ட்டும், அப்போது இலங்கையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜெனீவாவைச் சேர்ந்த சுவிஸ் விலங்கியலாளர் அலோய்ஸ் அம்பேரும், சிப்பிகளின் உடலில் நுண்ணிய புழுக்கள் ஒட்டுண்ணிகளாக வாழ்வதைக் கண்டனர். உள்ளே புகுந்த அந்நியனைச் சுற்றிச் சிப்பி பளபளப்பான சுவரெழுப்புகிறது, அதுவே முத்து என்ற கருத்தை அவர்கள் முன்வைத்தனர். இத்தாலியில் நன்னீர்ச் சிப்பிகளில் இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இவ்வாறு கண்டிருந்தனர். கடல்முத்தில் இதை எடுத்துச் சொன்னவர்களுள் கெலார்ட் முன்னோடி. 1902இல் இங்கிலாந்திலிருந்து மன்னார்க் கடலுக்கு வந்த பேராசிரியர் ஹெர்ட்மன் இதே வழியில் ஆராய்ந்து கெலார்ட்டை மதிப்புடன் குறிப்பிட்டார். எல்லா முத்துக்கும் புழுவே காரணம் அன்று, சிப்பியின் மேற்றோல் அணுக்கள் இடம்பெயர்ந்து உட்புகுவதே அடிப்படை என்பது இன்றைய அறிவு.

முத்து அரசாங்கத்தின் பணி. அதற்கிடையே கெலார்ட்டின் மனத்தைக் கவர்ந்தது, எவருக்கும் ஒரு சதமும் பெறாத பிராணியொன்று.

கடலட்டையை எமது கரையோர மக்கள் அறிவர். அவித்துக் காயவைத்தால் சீன வணிகர் விலைகொடுத்து வாங்குவர். ஓடில்லாக் கடல்நத்தையை எவரும் வாங்குவதில்லை, உண்பதுமில்லை. நத்தை இனத்திற் பிறந்து, வளர்ந்ததும் ஓட்டைக் களைந்துவிட்ட உயிர் அது. மூச்சுவிடும் பூக்களை முதுகின்மேல் மலர் போல விரித்துக்கொண்டு ஊரும். தலையில் இரு கொம்புகள், அவையே அதன் மூக்கு. ஓடு என்ற அரண் இல்லாதபடியால் அது வேறு காவல் தேடியது. நச்சுடைய கடற்பஞ்சுகளைத் தின்று, அந்நஞ்சைத் தன் உடலிற் சேமித்து, தன்னைத் தின்ன வருவோருக்கு எச்சரிக்கையாக ஊதா, செம்மஞ்சள், கருநீலம் என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களைப் பூண்டுகொண்டது. வீட்டை இழந்தபின் உண்ட உணவையே கேடயமாக்கிக்கொண்ட பிராணி.

ஆராய்வோனுக்கு இதில் ஒரு பெருந்துன்பம் உண்டு. பறவையைத் தோலுரித்து வைக்கலாம், சிப்பியைக் கழுவிப் பெட்டியில் வைக்கலாம். ஓடில்லா நத்தையைச் சாராயத்திலிட்டால் சில நாட்களில் நிறம் கரைந்து, உடல் சுருங்கி, சாம்பல்நிறச் சதைத்துண்டாகிவிடும். அழகும் அடையாளமும் உயிரோடு உள்ள சில மணி நேரத்துக்கு மட்டுமே உரியவை. எனவே பிடித்த அன்றே, உயிருடன் நீரில் ஊரும்போதே, வண்ணத்தில் வரைந்தாக வேண்டும். ஒளிப்படக்கலை அப்போது பிறந்திருந்தது, ஆனால் நிறத்தை அது அறியாது. திருகோணமலையின் வெயிலில் நீர் சூடேறி நத்தை மடிவதற்கு முன் தூரிகை ஓடவேண்டும். கெலார்ட்டின் பிற நூல்கள் அனைத்தையும்விட, அவசரமும் பொறுமையும் ஒருங்கே வேண்டிய இந்தச் சித்திரங்களே அவருடைய உண்மையான சாதனை என்பது எமது எண்ணம்.

1858, 1859ஆம் ஆண்டுகளில், கொழும்பிலிருந்த அரச ஆசியக் கழகக் கிளையின் சஞ்சிகையிலும் இலண்டன் இயற்கை வரலாற்று ஏடொன்றிலும் இந்நத்தைகளைப் பற்றிய விவரணங்களை அவர் வெளியிட்டார். அயனமண்டலக் கடலின் ஓடில்லா நத்தைகளைப் பற்றி உலகம் மிகச் சிறிதே அறிந்திருந்த காலம் அது. அவர் பெயரிட்டவற்றுள் ஒன்று, பாலாடை நிற உடலில் கருந்திட்டுகளும் கருநிறக் கொம்புகளும் கொண்டது. அதன் நிறம் கண்டு, இழவுக்குரியது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால் பியூனிபிரிஸ் என்று அவர் அதற்குப் பெயர் வைத்தார். வேறொன்றுக்குத் தம் தீவின் பெயரையே சூட்டி செய்லானிக்கா என்றார்.

இப்பணிகளில் அவருக்குத் துணைநின்ற தோணிக்காரர் யார், எந்தப் பாறையடியில் எது கிடைக்கும் என்று காட்டிய சிறுவர் யார், முத்துப்பாரில் சிப்பி அள்ளித்தந்த சுழியோடிகள் யார் என்பது நூல்களில் இல்லை. அக்காலத்து ஆங்கில நூல்கள் அனைத்திலும் இதுவே வழக்கம். கடல் வற்றும் நேரத்தையும் சோளகக் காற்றின் திசைமாற்றத்தையும் கரையோரத் தமிழ், முஸ்லிம் மீனவர்களைவிட அறிந்தவர் அத்துறையில் இருந்திருக்க இயலாது. திருகோணமலையில் நீரேற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஒரு மீற்றர் வேறுபாடுகூட இல்லை. இடமறியாதவனுக்கு அங்கே தேடக் கிடைக்கும் நேரம் சொற்பம்.

உட்துறைமுகத்தை ஒட்டிய தம்பலகாமக் களப்பில் விளையும் மெல்லிய தட்டைச் சிப்பியையும் அவர் ஆராய்ந்தார். ஒளி ஊடுருவும் அதன் ஓட்டைச் சில நாடுகளில் யன்னற் கண்ணாடியாகப் பயன்படுத்துவர். அதன் முத்து சிறியது, ஒளி குன்றியது. மாலைக்கு உதவாது. ஆனால் இந்தியாவின் செல்வர்கள் அதைச் சுட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பாக்கி மென்றனர். செல்வம் எவ்வாறெல்லாம் செலவழிக்கப்பட்டது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

1860ஆம் ஆண்டு கெலார்ட் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். சுயஸ் கால்வாய் வெட்டி முடிய இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. பயணிகள் எகிப்திற் கரையிறங்கித் தரைவழியே அலெக்சாந்திரியா சென்று, அங்கிருந்து வேறு கப்பலேறவேண்டும். அலெக்சாந்திரியாவுக்கும் சௌதாம்ரனுக்கும் இடையே ஓடிய ரிப்பன் என்ற நீராவிக் கப்பலில், அவ்வாண்டு ஓகஸ்ட் 31ஆம் நாள், அவர் உயிர்நீத்தார். வயது நாற்பது அளவிலேயே. பயணத்தின் பெரும்பகுதியைக் கடந்து, சேரவேண்டிய கரையை அடையாமலே முடிந்த வாழ்வு. அதே ஓகஸ்ட் மாதத்தின் தொடக்கத்தில், அவரைப் பணியில் அமர்த்திய வோர்ட்டும் சென்னையின் ஆளுநராகப் பதவியேற்ற சில வாரங்களில் வாந்திபேதி கண்டு மறைந்திருந்தார். முத்தாராய்ச்சி அனாதையாயிற்று. 1863இன் பின்னர் பார்கள் மீண்டும் வறண்டன. பத்தாண்டுகளுக்கு மேலாகக் குளிப்பு நடைபெறவில்லை. ஆராய்ச்சி தொடர்ந்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாம் என்று நாம் துணிந்து கூறோம். மன்னார்க் கடலின் நீரோட்டம் எந்த அரசாங்கத்துக்கும் கட்டுப்பட்டதன்று. எனினும் காரணத்தைக் கேட்கவேனும் ஒருவர் இருந்திருப்பார்.

நத்தைகளின் கதை வேறுவிதமாயிற்று. கெலார்ட்டின் எழுத்து விவரணங்கள் சுருக்கமானவை. அவற்றை மட்டும் கொண்டு எந்த இனத்தைக் குறிப்பிட்டார் என்று அறிவது கடினம். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவை ஐயத்துக்குரிய பெயர்களாகவே கிடந்தன. 1906ஆம் ஆண்டு சேர் சார்ல்ஸ் எலியட் அவற்றைத் தூசிதட்டினார். தொழிலால் இராசதந்திரி, கிழக்காபிரிக்காவில் ஆணையாளராயிருந்தவர். ஓடில்லா நத்தைகள் அவருடைய ஓய்வுநேரக் காதல். கெலார்ட்டின் சித்திரங்களையும், இங்கிலாந்தின் நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருந்த இந்தியக் கடல் மாதிரிகளையும் அருகருகே வைத்து அவர் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையால் திருகோணமலை நத்தைகள் பலவற்றின் அடையாளம் தெளிவாயிற்று. சாராயப் போத்தல்களில் நிறமிழந்துபோனவற்றுக்கு மறைந்த மருத்துவரின் தூரிகை நிறம் கொடுத்தது. எலியட்டும் 1931இல் யப்பானிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்து, மலாக்கா நீரிணையிற் கடலடக்கம் செய்யப்பட்டார் என்பது ஒரு விந்தையான ஒற்றுமை.

இழவு நிறம் பூண்ட அந்த நத்தை இன்று ஜோருன்னா பியூனிபிரிஸ் எனப்படுகிறது. நீலநிறக் கடற்பஞ்சைத் தின்று அது தன்னுட் சேர்க்கும் நஞ்சிலிருந்து 2000ஆம் ஆண்டு இத்தாலிய, இந்திய ஆராய்ச்சியாளர் ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்தனர். புற்றுநோய் அணுக்களை அழிக்கும் ஆற்றல் அதற்கு உண்டென்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின. நத்தையிற் கிடைப்பது மிகச் சொற்பம். எனவே 2019இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள வேதியியலாளர் அதை ஆய்வுகூடத்திலேயே சுருக்கமான வழியில் ஆக்கிக் காட்டினர். மருந்தாக அது இன்னும் எவர் கைக்கும் வந்து சேரவில்லை. இந்நத்தையின் நெருங்கிய உறவினமொன்று, யப்பான் கடலில் வாழும் மிகச் சிறிய முயல்போன்ற பிராணி, 2015ஆம் ஆண்டளவில் உலகெங்கும் சிறுவர்களைக் கவர்ந்தது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளரும் எமது பிள்ளைகள் பலர் அதன் படத்தைக் கண்டிருப்பர். அவர்களுடைய பேரன்மார் பேத்திமார் பிறந்த ஊரல்ல, பாட்டன் பாட்டிமார் பிறந்த ஊரின் கடலில் அதன் உறவினம் ஊர்கிறது என்பதை எடுத்துச் சொல்லலாம்.

திருகோணமலைக் கரையின் பல பகுதிகள் 2009 வரை நீடித்த போரின்போது பாதுகாப்பு வலயங்களாயிருந்தன. அங்கே பிறந்த மீனவர்களே குறித்த நேரத்துக்கு அப்பால் நீரில் இறங்க இயலாதிருந்தது. கெலார்ட் நடந்த இடங்களுட் பல எமது வாசகர்கள் சிலருக்குக் கம்பிவேலிக்கு அப்பால் மட்டுமே தெரிந்தவை. நத்தைகள் வேலியை அறியா. பவளக் கற்களின் அடியில் அவை தம் முட்டைகளை நாடாவாகச் சுருட்டி ஒட்டிவைத்து, ஏறக்குறைய ஓராண்டு வாழ்ந்து மடிகின்றன. இந்து சமுத்திரத்திலும் மேற்குப் பசிபிக்கிலும் எங்கே அவ்வினம் அகப்பட்டாலும், ஆராய்வோர் ஏட்டில் அதன் பெயருக்குப் பின்னால் இரு சொற்கள் எழுதப்படுகின்றன: கெலார்ட், 1859.